நாலாங்கிளாஸ் வந்தாச்சு, பாத்து அழகா எழுதுறாங்க, ஆனா வாசிக்கத் தெரியல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ஈராசிரியர்_பள்ளி கேட்டது:

வணக்கம். ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளில வேலை பாக்குறேன். ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் நாங்க ரெண்டே பேரு. இந்த வருஷம் 3, 4, 5 மூணும் என்கிட்ட, ஒரே ரூம்ல.

பிரச்சனை நாலாங்கிளாஸ்ல தான் பெருசா இருக்கு. ஒரு பையன், நோட்டைப் பாத்தா அச்சடிச்ச மாதிரி எழுத்து, பாடம் முழுசையும் ஒரு தப்பு இல்லாம பாத்து எழுதிடுவான். அவன் எழுதின அதே பக்கத்துல "மரம்"னு இருக்கிற இடத்துல விரலை வெச்சு இது என்னப்பான்னு கேட்டா என் மூஞ்சியைப் பாக்குறான். சரி எழுத்தாவது தெரியுமான்னு சார்ட்டுக்கு கூட்டிட்டுப் போனா க ங ச ஞ ட ணன்னு மூச்சு விடாம கடைசி வரைக்கும் சொல்றான். ஆனா நடுவுல ப-வ மட்டும் காட்டி இது என்னன்னு கேட்டா உதடு மட்டும் அசையுது, என்னடா சொல்றான்னு கிட்டப் போய் கேட்டா முதல்லேருந்து "க ங ச ஞ..." சொல்லிக்கிட்டே வந்து ப-ல நிக்கிறான். இதே மாதிரி இன்னும் நாலஞ்சு பிள்ளைங்க இருக்காங்க. ஒரு பொண்ணு முதல் பாடத்தை கடகடன்னு ஒப்பிக்கும், விரல் ஒரு வரியில இருக்கும் வாய் அடுத்த வரியில இருக்கும்.

மக்குப் பிள்ளைங்க இல்ல. அந்தப் பையன் சனிக்கிழமை சந்தையில அவங்கம்மாவோட உக்காந்து கீரை விக்கிறான், மீதி சில்லறையை என்னை விட வேகமா சொல்லுவான்.

என் கேள்வி இதான். திரும்ப அ ஆ-லேருந்து ஆரம்பிக்கிறதா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களோட உக்கார வெச்சா அவனுக்கு அவமானமா இருக்கு, ஒரு நாள் அப்படி செஞ்சதுக்கு மறுநாள் லீவு போட்டுட்டான். பெத்தவங்க நோட்டு நிறைய எழுத்து இருக்கான்னு தான் பாக்குறாங்க. மூணு வகுப்பை வெச்சுக்கிட்டு இதுக்குன்னு எவ்ளோ நேரம் ஒதுக்குறது? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

---

ஓய்வு_த.ஆ:

டீச்சர், அ ஆ-லேருந்து ஆரம்பிக்க வேணாம். சார்ட் வரிசையைத் தான் அவன் ஏற்கனவே மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கானே, அதையே திரும்பக் குடுத்தா இன்னும் நல்லா ஒப்பிப்பான், அவ்ளோ தான். அவனுக்கு எழுத்து படமா தெரியுது, சத்தமா தெரியல. அதனால தான் வரைய முடியுது, வாசிக்க முடியல.

முதல்ல அவனுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு தனியா உக்காந்து பாருங்க, பத்து நிமிஷம் போதும். எழுத்தை துண்டு அட்டையில எழுதி கலைச்சுப் போட்டுக் காட்டுங்க. தெரிஞ்சது ஒரு பக்கம், யோசிச்சு சொன்னது ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம். நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு நீங்க நினைக்கிறதை விட நிறைய எழுத்து தெரிஞ்சிருக்கும், ஆனா சேக்கத் தெரியாது.

அப்புறம் ட ப ம-ல ஆரம்பிங்க. ட-வும் ப-வும் நேர்கோடு, எழுத சுலபம், கூட ம சேந்தா முதல் நாளே படம், பட்டம், மடம்னு முழு வார்த்தையா வாசிச்சுடுவான். அந்த வயசுப் பையனுக்கு அது ரொம்ப முக்கியம், நான் வாசிச்சுட்டேன்னு அன்னைக்கே தெரியணும். அடுத்து க ர ல வ ன சேத்தா மரம், கடல், கல், பல், கப்பல், மகன், வட்டம்னு எவ்ளோ வருது பாருங்க. துணைக்கால் கூட இன்னும் வரல, அதுக்குள்ள இவ்ளோ.

இங்க ஒரு சிக்கல் வரும், இதுல தான் நிறைய பிள்ளைங்க நின்னு போறாங்க. புள்ளி வெச்ச எழுத்தை நாம இக், இங், இம்னு சொல்லிக் குடுத்திருப்போம். அவன் "ப... ட... இம்"னு சரியா தான் சொல்லுவான், ஆனா ப-ட-இம் எப்படிச் சேத்தாலும் படம் ஆகாது இல்லையா. அதனால புள்ளி எழுத்தைத் தனியா சொல்ல வைக்காதீங்க, முன்னாடி எழுத்தோட ஒட்டியே காட்டுங்க. டம், ரம், டல், கல், பட், கப். "ப - டம்", "பட் - டம்", "கப் - பல்". பழைய காலண்டர் அட்டையை வெட்டி வார்த்தையை மூடி வெச்சு கொஞ்சம் கொஞ்சமா நகத்தித் திறந்து காட்டினா கண்ணு அங்கயும் இங்கயும் ஓடாது.

அதுக்கப்புறம் உயிர்மெய். க கா கி கீ கு கூன்னு ஒரு எழுத்தோட முழு வரிசையையும் இழுக்காதீங்க. ஒரு குறியை எடுத்துக்கிட்டு தெரிஞ்ச எழுத்து எல்லாத்துக்கும் போடுங்க. துணைக்கால் மட்டும் ஒரு வாரம். பல் - பால், கல் - கால்னு பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க, சத்தம் எங்க நீளுதுன்னு அவனே சொல்லட்டும். மாமா, தாத்தா, பாப்பா, காக்கா எல்லாம் துணைக்கால்லயே வந்துடும். சில பிள்ளைங்க துணைக்காலை ர-ன்னு வாசிப்பாங்க, அதைக் கவனிச்சுக்கோங்க, ர-வுக்குக் கீழ இருக்கிற சாய்வுக் கோட்டைத் தொட்டுக் காட்டினா விளங்கும். அடுத்து மேல்விலங்கு (ி), தம்பி, பாட்டி, கத்தி, கிளி. கொம்பு எழுத்துங்களைக் கொஞ்சம் தள்ளி வைங்க, ஏன்னா கெ-ல கண்ணு முதல்ல கொம்பைப் பாக்குது, வாய் முதல்ல க-வைச் சொல்லணும். கொ, கோ-ல ரெண்டு பக்கமும் குறி. கொம்பை மட்டும் சிவப்பு சாக்பீஸ்ல எழுதுங்க.

உ, ஊ வரிசை தான் கடைசி. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்போ ணா, றா, னா, ணை, லை மாதிரி 13 எழுத்துக்கு இருந்த தனி வடிவத்தை மாத்தி மத்த எழுத்துங்க மாதிரியே ஆக்கிட்டாங்க, அது பிள்ளைங்களுக்கு எவ்ளோ பெரிய நிம்மதின்னு அப்போ வகுப்புல இருந்தவங்களுக்குத் தெரியும். உ, ஊ வரிசையைத் தொடல. அதனால இன்னைக்கும் 36 வடிவத்தையும் பிள்ளை தனித்தனியா தான் கத்துக்கணும். ஆனா கூட்டம் கூட்டமாப் பிரிக்கலாம். பு சு யு வு-ல கோடு கீழ இறங்கும், டு மு ரு ளு ழு-ல கோடு வளைஞ்சு சுத்தும், து நு ணு னு லு று-ல கீழ போயி மேல ஏறும். கு தனி. டு-ல ஆரம்பிங்க, ஆடு மாடு காடு வீடுன்னு அவனுக்குத் தெரிஞ்ச உலகமே அதுல இருக்கு.

247 எழுத்தும் முடிச்சாத்தான் வாசிக்கணும்னு இல்ல. ங வரிசைல ங் தவிர வேற எதையும் பாடத்துல வர்ற வார்த்தைகள்ல அநேகமாப் பாக்க மாட்டான். ஙி ஙீ ஙு ஙூன்னு பக்கம் பக்கமா எழுத வைக்கிற நேரத்துல ஒரு சின்னக் கதை வாசிக்க வெச்சிடலாம்.

---

சிலேட்டுக்காரன்:

எல்லாரும் கோச்சுக்காதீங்க, நாங்க எல்லாம் ஆனா ஆவன்னா மணல்ல விரல் தேய எழுதித் தான் படிச்சோம், சார்ட் வரிசை, மனப்பாடம், தினம் ரெண்டு பக்கம் காப்பி. எழுத்தும் நல்லா இருந்துச்சு வாசிக்கவும் வந்துச்சு. இப்போ புதுசு புதுசா முறை வருது, கையெழுத்தும் போச்சு, ஆத்திச்சூடி ஒண்ணு சொல்லத் தெரியல. வரிசை தெரியாம அகராதி எப்படிப் பாக்குறது? எழுத எழுதத் தான் வரும்ங்கிறது என் அனுபவம்.

---

ஆசிரியர்_பயிற்றுநர்:

ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு, மணல்ல எழுதுறது நல்ல முறை தான், விரலுக்கு வடிவம் பழகும், தப்பானா அழிச்சுக்கலாம். ஆனா அந்தக் காலத்துல மணல்ல எழுதும்போது வாயும் சேந்து சத்தம் போட்டுச் சொல்லுச்சு. இப்போ இந்தப் பிள்ளைங்க வாயை மூடிக்கிட்டு போர்டைப் பாத்து வரையுறாங்க. இன்னொண்ணு, அப்போ வாசிக்க வராதவங்க மூணு நாலுலயே பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்டாங்க, அவங்க நம்மகிட்ட வந்து "எனக்கு அந்த முறையில வரலை"ன்னு சொல்றதே இல்ல. இன்னைக்கு எல்லாப் பிள்ளையும் வகுப்புல இருக்கு, அது நல்ல விஷயம், அதனால தான் பிரச்சனை நம்ம கண்ணுக்குத் தெரியுது.

வரிசையும் வேணும், அகராதிக்கு, ஆத்திச்சூடிக்கு. வாசிக்க ஆரம்பிச்ச பிறகு பாட்டாவே சொல்லிக் குடுத்துடலாம்.

ஈராசிரியர் பள்ளி டீச்சருக்கு: 4, 5 வகுப்புலயும் நிலை பிரிச்சு நடத்தலாம், தயங்க வேணாம். எண்ணும் எழுத்தும்ங்கிற அரசுத் திட்டம் 2022ல 1 முதல் 3 வரைக்கும் வந்துச்சு, அடுத்த வருஷம் 4, 5க்கும் வந்தாச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பிரிக்கிறதோட நோக்கமே வகுப்பு எதுவா இருந்தாலும் பிள்ளை நிக்கிற இடத்துலேருந்து தொடங்குறது தான். கொரோனாவுல 2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடி, 1 முதல் 8 வரைக்கும் 2021 நவம்பர்ல தான் திறந்தாங்க, ஒண்ணு ரெண்டுல எழுத்தைப் பழக வேண்டிய வயசுப் பிள்ளைங்க எத்தனை பேரு நேரா மேல் வகுப்புல வந்து உக்காந்தாங்க, அதைச் சரி பண்ணத் தான் இது வந்துச்சு.

மூணு வகுப்பு ஒரே ரூம்ல இருக்கிறது இதுக்கு வசதின்னு கூடச் சொல்லுவேன். பிரேயர் முடிஞ்சதும் முதல் அரை மணி நேரம் மூணு வகுப்பையும் கலைச்சுடுங்க. நல்லா வாசிக்கிறவங்க ஒரு பக்கம் கதைப் புத்தகம், தட்டுத் தடுமாறி வாசிக்கிறவங்க ஜோடி ஜோடியா ஒரே பக்கத்தை ஒருத்தருக்கு ஒருத்தர் வாசிச்சுக் காட்டணும், இந்த அஞ்சாறு பேரு உங்க பக்கத்துல தரையில. எல்லா வகுப்புப் பிள்ளைங்களும் கலந்து உக்காருறப்போ யாரும் "கீழ் வகுப்புக்குப் போனான்"னு சொல்ல முடியாது.

வாசிப்பு இயக்கம்னு அரசு அனுப்பின கதைப் புத்தகம் உங்க பள்ளிக்கு வந்திருக்கும், பீரோவுல இருந்தா வெளிய எடுத்துடுங்க. நுழை, நட, ஓடு, பறன்னு நாலு நிலை. நுழை புத்தகத்துல ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரி தான், படம் பெருசா இருக்கும், அந்தப் பையன் ஒரு முழுப் புத்தகத்தை முடிச்சேன்னு சொல்லலாம். கிழிஞ்சா கிழியட்டும், டேப் போட்டு ஒட்டிக்கலாம்.

---

சூளகிரி_பக்கம்:

நான் கிருஷ்ணகிரி மாவட்டம், ஆந்திரா பார்டர், கர்நாடகா பார்டர் ரெண்டும் கிட்ட. என் வகுப்புல பாதிப் பேருக்கு மேல வீட்ல தெலுங்கு, கொஞ்சம் பேரு கன்னடம். ஓய்வு த.ஆ ஐயா சொன்ன முறை நல்லா இருக்கு, ஆனா எங்களை மாதிரி இடத்துல ஒண்ணு கூட சேக்கணும்.

தமிழ்ல க ஒரே எழுத்து, சத்தம் இடத்துக்கு இடம் மாறும். கடல், பகல், தங்கம், பக்கம், நாலுலயும் நாலு விதமா வருது. தமிழ் பேசுற பிள்ளை "தங்கம்"னு பாதி வாசிச்ச உடனே வீட்ல கேட்ட வார்த்தை ஞாபகம் வந்து சத்தத்தைத் தானா சரி பண்ணிக்கும். வீட்ல தெலுங்கு பேசுற பிள்ளைக்கு அந்த உதவி கிடையாது, தெலுங்குல அதுக்குத் தனி எழுத்து தனி சத்தம், அதனால எழுத்துல இருக்கிறபடியே அழுத்தி வாசிக்கும், "தன்-க-ம்"னு. நாம அதைத் தப்புன்னு அடிச்சா பிள்ளை குழம்பிடும், எழுத்து க தானே, க-ன்னு தானே சொன்னேன்னு.

அதனால நாங்க வாசிக்கிறதுக்கு முன்னாடி பேச வைக்கிறோம். அன்னைக்கு வாசிக்கப் போற பத்து வார்த்தையையும் முதல்ல பொருளா, படமா, நடிச்சுக் காட்டிப் பேசிடணும், தெலுங்குல என்னன்னு பிள்ளையே சொல்லணும், தமிழ்ல என்னன்னு கூட இருக்கிற பிள்ளை சொல்லணும். காதுக்குப் பழகின வார்த்தையை மட்டும் தான் அட்டையில காட்டுவோம். தெரியாத வார்த்தையை சத்தம் கூட்டி வாசிச்சா அது வெறும் சத்தம் தான்.

செங்கல் சூளைக்கு ஒடிசாலேருந்து வர்ற பிள்ளைங்களுக்கும் இதே தான். பொங்கலை ஒட்டி வந்து வெயில் காலம் முடியறப்போ கிளம்பிடுவாங்க, அந்த நாலஞ்சு மாசத்துல 247 எழுத்தைக் காட்டி என்ன பிரயோஜனம். பேரை எழுத, கடை போர்டு, பஸ் போர்டு வாசிக்க, நாலு பேர்கிட்ட தமிழ்ல பேச, அது கிடைச்சாலே அந்தப் பிள்ளை வகுப்புல தலை நிமிந்து உக்காரும்.

---

ஈராசிரியர்_பள்ளி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். "ப-ட-இம்" விஷயம் படிச்ச உடனே அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன், அப்படியே தான் சொல்லுச்சு! "ப - டம்"னு பிரிச்சுக் காட்டினதும் படம்னு பட்டுன்னு சொல்லிடுச்சு. உடனே மடம், கடம், வடம்னு நான் எழுத எழுத சொல்லிக்கிட்டே போச்சு.

இன்னொரு சந்தேகம். எழுதுறதை என்ன பண்றது? சொல்வதை எழுதுதல் குடுத்தா நோட்டு காலியா வருது. பாத்து எழுதுறதை நிறுத்திட்டா வீட்ல "டீச்சர் ஒண்ணும் எழுதிப் போடல"ன்னு வந்து நிப்பாங்க.

---

கரும்பலகை_கீழே:

எழுதுறதுக்கு நான் செய்யறதைச் சொல்றேன். காலையில பிள்ளைங்க வந்ததும் யாராவது ஒருத்தர் நேத்து நடந்ததைச் சொல்லணும். போன வாரம் ஒரு பையன் "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு சார், ஒண்ணு வெள்ள ஒண்ணு கருப்பு"ன்னான். அதை அவன் சொன்ன மாதிரியே, ஒரு எழுத்து மாத்தாம, அவன் கண்ணு முன்னாடி மெதுவா சொல்லிக்கிட்டே போர்டுல எழுதினேன். எழுதும்போது சத்தமும் எழுத்தும் சேந்து வர்றதை அவன் பாக்கணும், அது முக்கியம். அப்புறம் அவன் விரல் வெச்சு வாசிக்கணும். அவனே சொன்ன வாக்கியம், அதனால வாசிக்க முடியாம போகாது. அடுத்து எல்லாரும் வாசிச்சாங்க, ஆடு எங்க இருக்கு குட்டி எங்க இருக்குன்னு வட்டம் போட்டாங்க. அப்புறம் போர்டை அழிச்சுட்டு அவங்கவங்க சிலேட்டுல அதே விஷயத்தை எழுதச் சொன்னேன். யாரும் முழுசா சரியா எழுதல, ஒருத்தன் "ஆட கட பட"ன்னு எழுதியிருந்தான். அது வெறும் பூஜ்யம் இல்லைங்க! ஆடு, குட்டி, போட்டுச்சு மூணுக்கும் அந்தப் பிள்ளை காதுல கேட்ட எழுத்தைப் பிடிச்சிருக்கு, குறி தான் வரல. எந்தக் குறி வரலைன்னு அந்த சிலேட்டைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம், அடுத்த நாளு எதை எடுக்கணும்னும் தெரிஞ்சிடும். அச்சு மாதிரி காப்பி பண்ணின நோட்டுல இது எதுவுமே தெரியாது.

வீட்டுக்கு நோட்டு வேணும்னா இந்த வாக்கியத்தையே எழுதிட்டுப் போகட்டும், கீழ ஒரு படம் வரையட்டும், வீட்ல அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வரணும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியலைன்னா கேட்டுட்டு ஒரு கோடு போட்டா போதும். ஒரு நாள் பிள்ளை வாசிக்கிறதைக் காதால கேட்டுட்டாங்கன்னா அப்புறம் யாரும் பக்கக் கணக்கு கேக்குறதில்ல.

---

தமிழாசிரியை_நடுநிலை:

"போட்டுச்சு", "வெள்ள" எல்லாம் போர்டுல எழுதலாமா? ஆறாம் வகுப்புக்கு என்கிட்ட வர்ற பிள்ளைங்க கட்டுரையில "வந்துச்சு" "போனிச்சு"ன்னு தான் எழுதுறாங்க. தொடக்கத்துலயே நல்ல தமிழ்ல பழக்கினா நல்லது இல்லையா? வருத்தத்தோட தான் கேக்குறேன்.

---

ஓய்வு_த.ஆ:

உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு ரெண்டு சுமையை ஒண்ணாத் தூக்கி வைக்கிறோம், எழுத்தும் புதுசு, "ஈன்றது"ங்கிற பேச்சும் புதுசு. வீட்ல தண்ணின்னு சொல்ற பிள்ளை புத்தகத்துல தண்ணீர்னு பாக்குது, மழன்னு சொல்றது அங்க மழைன்னு இருக்கு, போறான் அங்க போகிறான். பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்ளோ தூரம் இருக்கிற மொழியில முதல்ல பிள்ளை பக்கம் ஒரு காலை வெச்சுத் தான் ஆகணும்.

நான் செஞ்சது, போர்டை ரெண்டாப் பிரிச்சு இந்தப் பக்கம் பிள்ளை சொன்னது, அது சரளமா வாசிக்க வந்த பிறகு அந்தப் பக்கம் "எங்கள் ஆடு இரண்டு குட்டிகள் போட்டது". எது எது மாறிச்சுன்னு பிள்ளைங்களே கண்டுபிடிப்பாங்க. போகப் போக அந்தப் பக்கம் தானா வந்துடும். கூடவே தினம் ஒரு கதை நாம வாசிச்சுக் காட்டணும். சொந்தமா சொல்ற கதை வேற, புத்தகத்தைக் கையில வெச்சு எழுத்துத் தமிழ்லயே வாசிக்கிறது வேற. எழுத்துத் தமிழ் காது வழியா முதல்ல உள்ள போனாத் தான் கண்ணு வழியா வர்றப்போ அந்நியமா இருக்காது. ஆறாம் வகுப்புல "வந்துச்சு"ன்னு எழுதுற பிள்ளைக்கு எழுத்துத் தமிழைக் கேக்குற வாய்ப்பு தொடக்கப் பள்ளில கிடைக்கலைன்னு தான் நான் நினைக்கிறேன்.

2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் (பிள்ளைங்க அட்டையை எடுத்து ஏணி மாதிரி படிப்படியா தானே கத்துக்கிற முறை) ஆரம்பிச்சு அப்புறம் மாநிலம் முழுக்க வந்தப்போ சுவத்துல பிள்ளைங்க உயரத்துக்கு கீழ்மட்டக் கரும்பலகை வெச்சாங்க, ஞாபகம் இருக்கா? அட்டை ஏணிப்படி எல்லாம் போச்சு, நிறைய பள்ளிகள்ல அந்தக் கரும்பலகை மட்டும் இன்னும் இருக்கு, பெயிண்ட் அடிச்சு மூடிடாதீங்க. நோட்டுல எழுத பயப்படுற பிள்ளை அதுல எழுதும், அழிக்க முடியும்ங்கிற தைரியம்.

---

சிறப்பாசிரியர்:

எல்லாம் நல்லா சொல்லியிருக்கீங்க, ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு. இந்த அஞ்சாறு பேர்ல கண்ணு சரியா தெரியாதவங்க, காது மந்தமானவங்க யாராவது இருக்காங்களான்னு முதல்ல பாருங்க. போர்டைப் பாக்குறப்போ கண்ணைச் சுருக்குறது, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பாத்து எழுதுறது, கூப்பிட்டா ஒரு பக்கமாத் திரும்புறது, அடிக்கடி காதுல சீழ். பாத்து எழுதுறதுல கெட்டிக்காரனா இருக்கிற பிள்ளைக்கு காது சரியா கேக்குதான்னு நான் கண்டிப்பா பாப்பேன், சத்தம் சரியா கேக்கலைன்னா எழுத்தைச் சத்தத்தோட எப்படிச் சேக்கும்? பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழுகிட்ட பேரை எழுதிக் குடுங்க.

மாசக்கணக்கா சரியான முறையில தினம் சொல்லிக் குடுத்தும் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுத்து நிக்கவே இல்ல, நேத்து தெரிஞ்சது இன்னைக்கு புதுசா இருக்கு, பேச்சு, புத்தி எல்லாம் நல்லா இருக்குன்னா கற்றல் குறைபாடான்னு பாக்கணும். வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, அவங்களைக் கூப்பிடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல உள்ள 21 வகையில இதுவும் ஒண்ணு. பின்னாடி பொதுத்தேர்வுல கூடுதல் நேரம் மாதிரி சலுகைங்க கிடைக்கும். ஆனா தயவு செஞ்சு அவசரப்பட்டு எந்தப் பிள்ளை மேலயும் அந்தப் பேரை ஒட்டிடாதீங்க. ஒண்ணாவது ரெண்டாவதுல எழுத்தைத் திருப்பிப் போடுறது நிறைய பிள்ளைங்க செய்யறது தான், தானா சரியாகிடும். சொல்லிக் குடுக்கப்படாததுக்கும் குறைபாட்டுக்கும் வித்தியாசம் நல்லா சொல்லிக் குடுத்துப் பாத்தா மட்டும் தான் தெரியும்.

---

ரெண்டாங்கிளாஸ்_அம்மா:

நான் டீச்சர் இல்ல, படிச்சுக்கிட்டே வந்தேன். என் பொண்ணு இங்கிலீஷ் மீடியம், தமிழ் வாசிக்க வர மாட்டேங்குது. வீட்ல தமிழ் தான் பேசுறோம். நான் என்ன பண்ணலாம்?

---

கரும்பலகை_கீழே:

அம்மா, வீட்ல சார்ட் வாங்கி மாட்டிப் பாடம் நடத்த வேணாம். ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் புத்தகம் பக்கத்துல படுத்துக்கிட்டு நீங்க வாசிங்க, விரலை எழுத்துக்குக் கீழ ஓட்டிக்கிட்டே. அதே புத்தகத்தை அவ கேட்டா பத்து தடவை கூட வாசிங்க, சலிச்சுக்காதீங்க. ஒரு கட்டத்துல அவளே அடுத்த வார்த்தையைச் சொல்லுவா, அப்போ நீங்க நிறுத்திடுங்க. வெளிய போறப்போ கடை போர்டு, பஸ்ல ஊர் பேரு, மளிகைச் சீட்டை அவளை எழுத வைங்க, "சக்கர" "பருப்பு"ன்னு எப்படி எழுதினாலும் கடைக்கு எடுத்துட்டுப் போங்க, தான் எழுதினது வேலைக்கு ஆகுதுன்னு அவளுக்குத் தெரியணும். தப்பு விட்டா உடனே திருத்த வேணாம், மறுநாள் பருப்பு டப்பாவுல சரியா எழுதி ஒட்டிடுங்க.

---

ஈராசிரியர்_பள்ளி:

சிறப்பாசிரியர் சொன்னது நல்லதாப் போச்சு, ஒரு பொண்ணு எப்பவும் முன் பெஞ்சு கேட்டு அடம் பிடிக்கும், நாளைக்கே கண்ணைப் பாக்கச் சொல்றேன். முதல் அரை மணி நேரம் கலந்து உக்கார வெச்சுப் பாத்தேன், அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு பேரு தானாவே அட்டை எழுதிட்டு வந்து குடுத்தாங்க. சந்தைக்குப் போற பையனை வெச்சு "அரக்கீர பத்து ரூபா"ன்னு எழுதினோம், அவன் அதைப் பக்கத்துல இருக்கிறவனுக்கு வாசிச்சுக் காட்டினான், நாலு கீரைப் பேரு வரைக்கும் போயிருக்கு.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். ல ள ழ, ர ற, ந ன ண இதெல்லாம் எப்போ எடுக்கிறது? இப்பவே தப்பு தப்பா எழுதுறாங்க, சிவப்பு பேனாவுல திருத்தினா நோட்டே ரத்தக்களறியா இருக்கு.

---

ஓய்வு_த.ஆ:

கீரையில ஆரம்பிச்சது ரொம்ப நல்ல வேலை. மயங்கொலிக்கு இப்போ சிவப்பு பேனா எடுக்காதீங்க. வாசிக்கும்போது மூணு ல-வும் அடையாளம் தெரிஞ்சா போதும், எழுதும்போது சரியா போடுறது நிறைய வாசிச்சு கண்ணுக்குப் பழகின பிறகு தான் வரும். பேச்சுல நாமளே ர-வையும் ற-வையும் ஒரே மாதிரி தான் சொல்றோம், பிள்ளை காதை நம்பி எப்படிப் பிரிக்கும்? ழ-வுக்கு மட்டும் நாக்கை மடிச்சுப் பழக்கலாம், பழம், மழை, கிழவி, வாழை. சில ஊர்ல ழ-வ ள-ன்னும், சில ஊர்ல ய-ன்னும் சொல்லுவாங்க, அதுக்காகத் திட்டாதீங்க.

ந-வுக்கு ஒரு சின்ன வழி இருக்கு, இப்பவே சொல்லிடலாம். வார்த்தை ஆரம்பத்துல ந தான் வரும், ன, ண ரெண்டும் வராது. நரி, நகம், நாய். நடுவுல த-வுக்கு முன்னாடி ந், ற-வுக்கு முன்னாடி ன், ட-வுக்கு முன்னாடி ண். பந்து, கன்று, வண்டு. இந்த மூணு வார்த்தையையும் படத்தோட அட்டையில எழுதிச் சுவத்துல ஒட்டிடுங்க, சந்தேகம் வர்றப்போ பிள்ளை தலையைத் தூக்கிப் பாத்துக்கும். மத்ததை அஞ்சாங்கிளாஸ்ல பாத்துக்கலாம். துணைக்கால் முடிஞ்சதும் மேல்விலங்குக்குப் போறப்போ எந்த எழுத்துல தடுமாறுறாங்கன்னு எழுதுங்க, அதுக்கேத்த மாதிரி வார்த்தைப் பட்டியல் போட்டுத் தரேன்.